பன்னிரண்டு மணி என்றால் உச்சியா?



நோன்பு கிட்ட வந்துவிட்டது. வட்ஸ்அப் குரூப்களில் நேர அட்டவணைகள் சுற்றத் தொடங்கிவிட்டன. ஒன்றில் ஒரு நேரம், இன்னொன்றில் இன்னொரு நேரம். எது சரி என்று எங்களிடம் கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். ஆளுக்கு ஆள் தனித்தனியே பதில் சொல்வதைவிட ஒரேயடியாக எழுதிவிடலாம் என்று நினைத்தோம். நீளமான பதிவுதான். ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

முதலில் ஒரு சின்னக் கேள்வி. ளுஹருடைய நேரம் எப்போது நுழைகிறது? வகுப்பில் கேட்டாலும் சரி, வீட்டில் பெரியவர்களிடம் கேட்டாலும் சரி, பெரும்பாலும் வரும் பதில் ஒன்றுதான்: "பன்னிரண்டு மணி உச்சி, அதற்குப் பிறகு தொழலாம்." இந்தப் பதிலை நம்பித்தான் வீட்டில் சோறு வடித்துவிட்டு 12.05க்கு முஸல்லாவை விரிக்கும் சகோதரிகள் இருக்கிறார்கள். பாட இடைவெளியில் அவசரமாகத் தொழுதுவிட்டு அடுத்த வகுப்புக்கு ஓடும் ஆசிரியைகள் இருக்கிறார்கள். செங்கலடிச் சந்தியில் கடை வைத்திருப்பவர்கள், பகல் வியாபாரம் சூடு பிடிக்க முன்னர் முடித்துக்கொள்வோம் என்று 12.10க்கு பின்கட்டில் தொழுதுவிடுகிறார்கள்.

ஆனால் இந்த பெப்ரவரி மாதத்தில் எமது பகுதியில் சூரியன் உச்சிக்கு வருவது பகல் 12 மணி 18 நிமிடமளவில். அது சாய்ந்த பிறகுதான் ளுஹர் நுழையும். 12.05க்குத் தொழுதவர் நேரம் வருமுன்னரே தொழுதிருக்கிறார். நேரம் நுழைய முன்னர் தொழுத பர்ளு பர்ளாக நிறைவேறாது என்பது எமது பிள்ளைகள் மத்ரஸாவில் முதல் வருடத்திலேயே படிக்கும் பாடம். குர்ஆனும் ஹதீஸும் சூரியன் சாய்வதைத்தான் சொல்கின்றன. மணிக்கூட்டில் இரண்டு கம்பியும் ஒன்றாய் நிற்பதைச் சொல்லவில்லை. ஃபத்வா சொல்வது உலமாக்களின் வேலை, அதில் நாங்கள் தலையிடவில்லை. சூரியன் எத்தனை மணிக்கு எங்கே நிற்கிறது என்பது மட்டும் எங்கள் பாடம்.

இதே சூரியன் நவம்பர் முதல் வாரத்தில் 11.47க்கே எங்கள் உச்சிக்கு வந்துவிடும். ஒரே ஊர், ஒரே மணிக்கூடு, உச்சியில் மட்டும் அரை மணித்தியால வித்தியாசம். சரியாக 12.00க்கு உச்சி வரும் நாட்கள் வருடத்தில் மிகச் சில: மே மாத நடுப்பகுதியில் கிட்டத்தட்ட, செப்டெம்பர் 12ஐ ஒட்டி, பிறகு டிசம்பர் 18ஐ ஒட்டி. செப்டெம்பர் நடுவிலிருந்து டிசம்பர் நடு வரை உச்சி 12க்கு முந்தியது. மிச்சம் ஏறத்தாழ ஒன்பது மாதமும் 12க்குப் பிந்தியது. அதாவது "பன்னிரண்டு அடித்தால் தொழலாம்" என்ற கணக்கு வருடத்தில் முக்கால்வாசி நாட்கள் பிழை.

ஏன் இப்படி? இரண்டு காரணங்கள்.

முதலாவது, எங்கள் மணிக்கூடு எங்கள் ஊருக்காகச் செய்யப்பட்டதல்ல. இலங்கை நேரம் கிறீன்விச்சுக்கு 5 மணித்தியாலம் 30 நிமிடம் முந்தியது. அது கிழக்கு நெட்டாங்கு 82½ பாகைக்குரிய நேரம். அந்தக் கோடு இந்தியாவில் மிர்சாபூர் பக்கமாகப் போகிறது, பிறகு வங்காள விரிகுடாவில் இறங்குகிறது, இலங்கை மண்ணைத் தொடுவதே இல்லை. செங்கலடி இருப்பது ஏறத்தாழ 81.6 பாகையில். ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோமே, அதைப் போட்டுப் பாருங்கள். சராசரியாக மூன்றரை நிமிடம் பிந்தித்தான் சூரியன் எங்களிடம் வரும். வேறு மாதிரிச் சொன்னால், எங்கள் மணிக்கூடு காட்டும் உச்சி இங்கிருந்து நேர் கிழக்கே சுமார் நூறு கிலோமீட்டர் தள்ளி நடுக்கடலில் இருக்கிறது. ஆழ்கடலுக்குப் போகும் எங்கள் மீனவர்களுக்குத்தான் அது பொருந்தும்.

கொழும்பு இன்னும் மேற்கே, 79.9 பாகையில். அங்கே சூரியன் எங்களைவிட ஏழு நிமிடமளவில் பிந்தி வரும். இந்த ஏழு நிமிடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நோன்புக் கதைக்கு வரும்போது தேவைப்படும்.

இரண்டாவது காரணம், சூரியன் மணிக்கூடு மாதிரி ஒரே சீராக ஓடுவதில்லை. பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்ற எடுப்பது 23 மணித்தியாலம் 56 நிமிடம். அதற்குள் அது சூரியனைச் சுற்றியும் கொஞ்சம் நகர்ந்துவிடுவதால், அதே சூரியனை மறுபடி உச்சிக்குக் கொண்டுவர இன்னும் நான்கு நிமிடம் போலத் திரும்ப வேண்டும். இந்த நான்கு நிமிடம் சராசரிதான். பூமியின் பாதை முழு வட்டம் அல்ல. ஜனவரி தொடக்கத்தில் சூரியனுக்குக் கிட்டப் போய் வேகமாக நகரும், ஜூலையில் தூரப் போய் மெதுவாக நகரும். அச்சும் சாய்ந்திருக்கிறது. இவை இரண்டும் சேர்ந்து ஒரு நாளுக்குச் சில விநாடிகளைக் கூட்டும், இல்லாவிட்டால் குறைக்கும். விநாடிகள் சேர்ந்து சேர்ந்து பெப்ரவரி நடுவில் 14 நிமிடம் பிந்துகிறது, நவம்பர் தொடக்கத்தில் 16 நிமிடம் முந்துகிறது.

இதனால் வரும் இன்னொரு புதினத்தைப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். டிசம்பர் 22ஐ ஒட்டித்தான் எமது பகுதியில் மிகக் குறுகிய பகல், சுமார் 11 மணித்தியாலம் 40 நிமிடம். ஆனால் மஃரிப் நேரம் நவம்பர் நடுவிலேயே பிந்தத் தொடங்கிவிடும். காலையில் சூரியன் உதிப்பதோ ஜனவரி கடைசி வரை பிந்திக்கொண்டே போகும். ஜனவரியில் முதலாந் தவணை தொடங்கும்போது "பகல் நீளத் தொடங்கிவிட்டது என்று படித்தோம், ஏன் சேர் இன்னும் இருட்டாகக் கிடக்கு?" என்று கேட்கும் பிள்ளை சரியான கேள்வியைத்தான் கேட்கிறது. அதட்டி உட்கார வைக்காதீர்கள்.

எங்கள் முன்னோருக்கு இந்தக் குழப்பமெல்லாம் இருக்கவில்லை. டமஸ்கஸ் உமையா பள்ளிவாசலில் நேரம் கணிப்பதற்கென்றே முவக்கித் என்ற பதவி இருந்தது. இப்னுஷ் ஷாதிர் என்ற வானியல் அறிஞர் அந்தப் பதவியில் இருந்தவர். 1371இல் அவர் செய்த நிழற்கடிகாரம் அந்தப் பள்ளியின் மினாராவில் வைக்கப்பட்டது. உஸ்மானியர் காலத்தில் துருக்கியில் சூரியன் மறையும்போது 12 மணி என்று ஒவ்வொரு நாளும் மணிக்கூட்டைத் திருப்பி வைப்பார்கள். 1926 ஜனவரி முதலாந் திகதியிலிருந்துதான் அங்கே இப்போதைய முறை வந்தது. கிழக்கு ஆபிரிக்காவில் சுவாஹிலி பேசும் மக்கள் இன்றைக்கும் காலை ஏழு மணியை "ஒரு மணி" என்றுதான் சொல்கிறார்கள், சூரியன் உதித்து ஒரு மணித்தியாலம் என்ற கணக்கில். எமது தமிழிலும் பகலுக்கு முப்பது நாழிகை, இரவுக்கு முப்பது நாழிகை, ஒரு நாழிகை 24 நிமிடம். இவையெல்லாம் சூரியனைப் பார்த்துப் போட்ட கணக்கு. மணிக்கூட்டைப் பார்த்துச் சூரியனைக் கணிப்பது நாங்கள் புதிதாகப் பழகிக்கொண்டது.

மணிக்கூடு என்றால் அரசாங்கம் சொல்வது, நேரம் என்றால் சூரியன் சொல்வது. இவை இரண்டும் வேறு வேறு என்பது உலகத்தில் யாருக்குத் தெரியாவிட்டாலும் மட்டக்களப்பாருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் நாங்கள் அதை அனுபவித்தவர்கள்.

1996இல் மழை பொய்த்து நீர்மின் நிலையங்கள் படுத்துவிட்டன. மின்சாரத்தை மிச்சப்படுத்த மே 25ஆம் திகதி நாடு முழுவதும் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள். காலையில் பாடசாலைக்கு வெளிக்கிடும் நேரத்தில் வெளிச்சம் வந்திருக்காது. சூரியன் உதிக்கவே ஏழு மணியை நெருங்கிவிடும். அந்த ஒக்டோபர் 26இல் அரை மணித்தியாலத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். மிச்சம் அரை மணித்தியாலம் பத்து வருடம் அப்படியே நின்றது. 2006 ஏப்ரல் 15ஆம் திகதி, புத்தாண்டுக்கு மறுநாள், மணிக்கூடு பழைய இடத்துக்கு வந்தது. இப்படி நடந்தது இதுதான் முதல் தடவையும் அல்ல. இரண்டாம் உலகப் போர்க் காலத்திலும் 1942இல் இரண்டு முறை முன்னே தள்ளி, 1945 ஒக்டோபரில் திருப்பி வைத்தார்கள்.

ஆனால் 1996இன் மாற்றத்தை விடுதலைப் புலிகள் ஏற்கவில்லை. அவர்களுடைய கட்டுப்பாட்டுப் பகுதிகளில் பழைய நேரமே இருந்தது. வாவிக்கு இந்தப் பக்கம் எழுவான்கரை, அந்தப் பக்கம் படுவான்கரை. சூரியன் எழுவதையும் படுவதையும் வைத்துக் கரைகளுக்குப் பெயர் வைத்த மண் இது. அந்த இரண்டு கரைக்கும் இரண்டு நேரம் வந்தது. செங்கலடியிலிருந்து பதுளை வீதியால் போய்க் கறுத்தப் பாலத்தைத் தாண்டினால் அரை மணித்தியாலம் இலாபம், திரும்பி வந்தால் அரை மணித்தியாலம் நட்டம். இங்கே ஒன்பது மணி, கரடியனாற்றில் எட்டரை. "எத்தனை மணிக்கு வாறீங்க?" என்று கேட்டால் "பழைய நேரமா, புதிய நேரமா?" என்று திருப்பிக் கேட்காமல் பதில் சொல்ல முடியாது. பரீட்சை நாடு முழுவதற்கும் புதிய நேரத்தில் நடக்கும். அந்தப் பக்கத்துப் பிள்ளை தன் வீட்டு மணிக்கூட்டைப் பார்த்து வெளிக்கிட்டால் வினாத்தாள் கொடுத்து அரை மணித்தியாலம் ஆனபிறகுதான் மண்டபத்துக்கு வந்து சேரும். எங்கள் வயதுக்காரர் பலருக்கு மணிக்கூடு பார்க்கப் பழகிய காலமே அதுதான். இன்று ஆசிரியர் அறையில் அந்தக் கரையில் வளர்ந்தவர்களும் இந்தக் கரையில் வளர்ந்தவர்களும் ஒரே மேசையில் இருந்து தேநீர் குடிக்கிறோம். அந்தக் கதையை எடுத்தால் சிரிப்பும் வரும், சில முகங்கள் கொஞ்சம் மௌனமாகவும் போகும்.

அதில் ஒரு வேடிக்கை, 2006இல் கொழும்பு தன் மணிக்கூட்டைத் திருப்பியபோது படுவான்கரையில் யாரும் எதையும் தொடத் தேவைப்படவில்லை. நின்ற இடத்திலேயே நின்று சரியான நேரத்துக்கு வந்துவிட்டார்கள்!

எங்கள் விஷயத்துக்கு வருவோம். அந்தப் பத்து வருடத்திலும் பெப்ரவரி நடுவில் உச்சி, இந்தப் பக்கம் 12.48க்கு, அந்தப் பக்கம் 12.18க்கு. சூரியன் ஒன்றுதான். எந்தச் சோதனைச் சாவடியிலும் அது இறங்கி அடையாள அட்டை காட்டவில்லை. அந்தக் காலத்தில் பன்னிரண்டு அடித்ததும் தொழுவது எந்த மாதத்திலும் சரிவராது, நவம்பரில்கூட உச்சி 12.17க்குத்தான். ஆகவே 1996க்கும் 2006க்கும் இடையில் அச்சடித்துச் சட்டகம் போட்ட நிரந்தர நேர அட்டவணை எந்தப் பள்ளிச் சுவரிலாவது, எந்த வீட்டு முன்றையிலாவது இன்னும் தொங்கிக்கொண்டிருந்தால் தயவுசெய்து கழற்றி வையுங்கள். அது எல்லா வக்தையும் அரை மணித்தியாலம் பிந்திக் காட்டும். இப்தாருக்குப் பிந்தினால் பசி மட்டும்தான். ஸஹருக்குப் பிந்தினால் நோன்பே போய்விடும்.

இனி அந்த ஏழு நிமிடம். வானொலியில் வரும் பாங்கு கொழும்புக்குரியது. போனில் உள்ள தொழுகை நேர அப்பிலும் இடம் "கொழும்பு" என்று வைத்திருப்பவர்கள் எங்களுக்குள் எக்கச்சக்கம். நாங்கள் கிழக்கே இருப்பதால் எல்லாமே எங்களுக்கு முந்தி வருகிறது. இந்த நோன்பு மாதத்தில் சுபஹ் ஆறு நிமிடம்போல முந்தும், மஃரிப் ஏழெட்டு நிமிடம் முந்தும். கொழும்பு மஃரிபைப் பார்த்து நோன்பு திறப்பவர் வீணாகக் காத்திருக்கிறார். நோன்புக்குப் பாதகமில்லை, சுன்னத்து மட்டும் தவறுகிறது. கொழும்பு சுபஹைப் பார்த்துக் கடைசி மிடறு தண்ணீர் குடிப்பவரோ எமது சுபஹ் நுழைந்து ஐந்தாறு நிமிடம் கழித்துக் குடிக்கிறார். இதுதான் எங்களுக்குப் பயமாக இருக்கிறது. அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா பிரதேசவாரியாக நேரங்களை வெளியிடுகிறது. எங்கள் பிரதேசத்துக்குரியதைப் பாருங்கள். போனில் ஊரை மட்டக்களப்பு என்று மாற்றுங்கள். அதோடு அஸருக்கு ஷாபிஈ முறை தெரிவாகி இருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளிடம் கொடுத்தால் அரை நிமிட வேலை.

"மார்க்கம் லேசானது, நாலைந்து நிமிஷத்துக்கு இவ்வளவு கணக்கா சேர்?" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். மார்க்கம் லேசானதுதான். ஆனால் அதே ஆட்கள் காலை 6.10 பஸ்ஸுக்கு 6.15க்குப் போய் நிற்பதை நாங்கள் பார்த்ததில்லை.

இன்னொரு பேச்சும் அடிக்கடி வருகிறது. "வருடம் முழுவதும் ளுஹர் பாங்கை 12.15 என்று வைத்துவிட்டால் என்ன? ஆட்களுக்கும் லேசு, முஅத்தினுக்கும் லேசு." ஜமாஅத்தை 12.30 என்று நிரந்தரமாக வைப்பதில் எமக்கு ஒரு மறுப்பும் இல்லை. வேலைக்குப் போகிறவர்களுக்கு அது வசதி. பாங்கை நிரந்தரமாக்குவதைத்தான் ஏற்க முடியாது. ஜனவரி மாதக் கடைசிப் பகுதியிலிருந்து மார்ச் முதல் வாரம் வரை 12.15க்கு சூரியன் இன்னும் உச்சிக்கே வந்திருக்காது. அந்தப் பாங்கைக் கேட்டு வீட்டில் தொழும் பெண்களின் தொழுகைக்கு யார் பொறுப்பு? பள்ளிக்கு வருபவர் ஜமாஅத் வரை காத்திருப்பார், அவருக்குப் பாதிப்பில்லை. பாங்கை நம்பி வீட்டில் இருப்பவருக்குத்தான் பாதிப்பு. நிர்வாகக் கூட்டங்களில் அந்தப் பக்கத்தைப் பேச ஆள் இல்லை என்பதால் சொல்கிறோம்.

தொழுகையை விட்டுக் கொஞ்சம் வெளியே வருவோம். "பன்னிரண்டு" என்ற இலக்கமே தொல்லை பிடித்தது. பன்னிரண்டு, ஒன்று, இரண்டு என்று போய்ப் பதினொன்றில் முடிகிறது. தொடக்கத்தில் பூச்சியம் இருக்க வேண்டிய இடத்தில் பன்னிரண்டு இருக்கிறது. 11.45க்கும் 12.15க்கும் இடையில் அரை மணித்தியாலம் என்பதைச் சரியாகச் செய்யும் பிள்ளை, 12.50 தொடக்கம் 1.20 வரை என்றால் ஒன்றிலிருந்து பன்னிரண்டைக் கழிக்கப் பார்த்து முழிக்கிறது. தவறு பிள்ளையுடையதா, எண் வைத்தவருடையதா?

இதைவிடப் பெரிய தொல்லை ஏ.எம்., பி.எம். அந்த இலத்தீன் எழுத்துகளுக்கு அர்த்தம் உச்சிக்கு முன், உச்சிக்குப் பின். உச்சி நேரமே உச்சிக்கு முன்னா பின்னா? இரண்டும் இல்லை. நள்ளிரவு? நேற்றைய உச்சிக்குப் பின், நாளைய உச்சிக்கு முன், இரண்டுமே! அதனால்தான் அமெரிக்காவின் அளவைத் தர நிறுவனமே 12 ஏ.எம்., 12 பி.எம். என்று எழுத வேண்டாம், குழப்பம் வரும் என்று சொல்லி வைத்திருக்கிறது. எங்கள் அரச கடிதங்களில் வரும் மு.ப., பி.ப. இன்னும் ஒரு படி மேலே. முற்பகல் என்றால் பகலின் முற்பாதி. இரவு ஒரு மணியை "மு.ப. 1.00" என்று எழுதும்போது அதில் பகல் எங்கே இருக்கிறது?

சிரித்துவிட்டுப் போகலாம்தான். போன வருடம் எங்கள் பழைய மாணவி ஒருத்தி ஒரு பயிற்சி நெறிக்கு இணையவழியில் விண்ணப்பிக்க இருந்தாள். இறுதி நேரம் 15ஆம் திகதி 12.00 ஏ.எம். என்று போட்டிருந்தது. 15ஆம் திகதி இரவு வரை நேரம் இருக்கிறது என்று நினைத்தாள். அவளுடைய வாப்பா வேலை முடிந்து வந்து, ஆவணங்களை ஸ்கேன் பண்ணிக்கொண்டு, மஃரிபுக்குப் பிறகு கடையில் போய் இருந்தால் விண்ணப்பம் மூடி பதினெட்டு மணித்தியாலத்துக்கு மேல் ஆகிவிட்டது. 15ஆம் திகதி பிறந்த அந்த நொடியிலேயே அது மூடிவிட்டது. தொலைபேசியில் கேட்டதற்கு "அறிவித்தலில் தெளிவாகத்தானே இருக்கிறது" என்று பதில். தெளிவாக இருக்கவில்லை. 14ஆம் திகதி இரவு 11.59 என்று எழுதியிருந்தால் தெளிவு. அந்தப் பிள்ளை ஒரு வருடம் வீட்டில் இருந்தது.

விமான டிக்கெட்டும் அப்படித்தான். உம்ராவுக்குப் போகிறவர்கள், கட்டார், சவூதிக்கு வேலைக்குப் போகும் எமது பிள்ளைகள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். 20ஆம் திகதி 00.40 என்றால், 19ஆம் திகதி இரவு கட்டுநாயக்காவில் நிற்க வேண்டும். இங்கிருந்து அங்கே போய்ச் சேரவே கிட்டத்தட்ட ஒரு பகல் போய்விடும் என்பதால், வேன் 19ஆம் திகதி லுஹரோடு வெளிக்கிட வேண்டும். 20ஆம் திகதி இரவு பயணம் என்று நினைத்து 20ஆம் திகதி காலையில் வீட்டில் சொந்தக்காரருக்குச் சாப்பாடு போட்டவர்களை நாங்கள் கேள்விப்பட்டிருக்கிறோம். விமானம் அப்போது தரையிறங்கியே பல மணித்தியாலம்.

இதில் எங்களுக்கென்று இன்னொரு சிக்கல். எமது நாள் மஃரிபோடு தொடங்குகிறது. வியாழன் மஃரிபுக்குப் பிறகு எங்கள் உம்மாமாருக்கு அது வெள்ளி இராவு. அரசாங்கத்துக்கு நாள் நள்ளிரவில் பிறக்கிறது. செங்கலடியில் எங்கள் இந்துச் சகோதரர்களின் பஞ்சாங்கத்தில் நாள் சூரிய உதயத்தில் பிறக்கிறது. வியாழன் இரவு பத்து மணிக்கு எங்களுக்கு வெள்ளி, மற்ற இருவருக்கும் வியாழன். விடியப்புறம் இரண்டு மணிக்கு எங்களுக்கும் அரசாங்கத்துக்கும் வெள்ளி, அவர்களுக்கு இன்னும் வியாழன். ஒரு சந்தியில் மூன்று நாட்காட்டி. இதில் ஒருவரும் பிழையில்லை. ஆனால் கல்யாணக் கார்டில் "வெள்ளி இரவு வலீமா" என்று மட்டும் அடித்தால் பாதிப் பேர் வியாழன் வந்து பூட்டிய கேற்றைப் பார்ப்பார்கள்.

ஆகவே பள்ளிவாசல் நிர்வாகங்களிடமும், பாடசாலைகளிடமும், சங்கங்களிடமும் நாங்கள் கேட்பது இதுதான். அறிவித்தலில் 12.00 மு.ப., 12.00 பி.ப. என்று எழுதவே வேண்டாம். "நண்பகல் 12" என்று எழுதுங்கள். இரவென்றால் "வியாழன் நள்ளிரவு" என்றும் விடாதீர்கள், "வியாழன் இரவு 11.59" என்று போடுங்கள். இரவு நிகழ்ச்சிகளுக்குத் திகதியையும் சேர்த்து, "19ஆம் திகதி வியாழன் மாலை, வெள்ளி இராவு" என்று இரண்டையும் போட்டால் யாரும் தடுமாற மாட்டார்கள். நான்கு சொல் கூடும், அச்சுக் கூலி கூடாது.

பாடசாலைகளுக்கு இன்னொன்று. ஒரு மீற்றர் நீளமான நேரான தடியொன்றை மைதானத்தில் செங்குத்தாக நாட்டுங்கள். அதைச் சுற்றி ஒரு வட்டம் கீறுங்கள். காலையில் நிழல் சுருங்கி வந்து அதன் நுனி வட்டத்தைத் தொடும் நேரத்தைக் குறியுங்கள். பிற்பகலில் நிழல் நீண்டு மறுபடி வட்டத்தைத் தொடும் நேரத்தையும் குறியுங்கள். இரண்டுக்கும் நடு நேரம்தான் உச்சி. காலையில் 10.30 என்றும் பிற்பகலில் 2.06 என்றும் வந்தால் உச்சி 12.18. இரண்டு புள்ளிகளையும் கோட்டால் இணைத்தால் கிழக்கு மேற்கும் கிடைத்துவிடும். இந்த முறைக்கு அரபு வானியல் நூல்களில் "அத்தாஇரதுல் ஹிந்திய்யா", இந்திய வட்டம், என்றுதான் பெயர். இந்தியக் கணியர் சங்கு நாட்டிச் செய்ததை முஸ்லிம் அறிஞர்கள் படித்துப் பெயரையும் மறைக்காமல் வைத்துக்கொண்டார்கள். எங்கள் ஆசிரியர் அறையில் இதைச் சொன்னபோது எல்லோருக்கும் சந்தோஷம்.

இந்த மாதம் அந்த ஒரு மீற்றர் தடிக்கு உச்சியில் நிழல் 40 சென்ரிமீற்றர் வரும், வடக்குப் பக்கமாக. அதோடு தடியின் நீளத்தைக் கூட்டி 140 ஆகும்போது ஷாபிஈ மத்ஹபின்படி அஸர் நுழையும். ஏப்ரல் 10ஐ ஒட்டி வானிலை அவதான நிலையம் எங்கள் பகுதிக்குச் சூரியன் உச்சம் கொடுப்பதாக அறிவிக்கும். அன்றைக்கு 12.05 போல அந்தத் தடிக்கு நிழலே இருக்காது. செப்டெம்பர் தொடக்கத்தில் இன்னொரு முறை அப்படி வரும். ஏப்ரலில் விடுமுறை வந்துவிடும், ஆகவே பிள்ளைகள் வீட்டு முற்றத்திலேயே செய்து பார்க்கலாம். வெயில் கடுமை, தொப்பி போட்டுவிடுங்கள்.

வரும் வாரம் எங்கள் மைதானத்தில் தடி நாட்டுகிறோம். ஏறாவூர், ஓட்டமாவடி, காத்தான்குடி ஆசிரியர்களும் அதே நாளில் செய்து, வந்த நேரத்தை அனுப்புங்கள். ஓட்டமாவடிக்கும் காத்தான்குடிக்கும் இடையில் ஒரு நிமிடமளவில் வித்தியாசம் வர வேண்டும், காத்தான்குடிதான் முந்த வேண்டும். தடியைச் செங்குத்தாக நாட்ட நூலில் கல்லைக் கட்டிப் பாருங்கள். மணிக்கூட்டைப் போனில் உள்ள நேரத்தோடு ஒப்பிட்டுவிட்டுத் தொடங்குங்கள்.